குவாய்ப் பாலத்தில் நம்மவர் எங்கே?

அயல்நாட்டுத் திரைப்படங்களைப் பற்றி நம்மிடையே ஒரு விந்தையான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. தமிழ்ப்படம் என்றால் முதற் காட்சியிலேயே குறை காணத் தொடங்குவோம். ஆங்கிலப்படம் என்றால், அதிலும் ஆஸ்கார் விருது பெற்ற போர்ப்படம் என்றால், கைகட்டி வாய்பொத்தி நிற்போம். இவ்வணக்கத்தை ஒரு படத்தின் பொருட்டேனும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் வாதம். அப்படம் 1957-இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்'. வாதிடுபவன் நீலாயில் வாழும் பார்வையாளன் ஒருவன்; திரைக்கலை வல்லுநன் அல்லன். ஆயினும், இப்படத்தைப் பொறுத்தவரை, நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பிறந்தவனுக்குச் சில கேள்விகள் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை இலண்டன் திறனாய்வாளரிடம் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

முதலில் படத்துக்குரிய பெருமையைத் தந்துவிடுவோம். டேவிட் லீன் இயக்கிய இப்படம் சிறந்த படத்துக்கானது உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ் நடித்தார். தகரக் கொட்டடியில் அடைபட்டு, வெயிலில் வெந்து, வெளியே இழுத்து வரப்படும் அந்தக் கர்னல், கால்கள் பின்னிக்கொள்ள, முதுகை மட்டும் நிமிர்த்தி நடக்கும் காட்சியைக் கண்டவர் மறவார். கைதியாகிய ஒருவன் தன்னைச் சிறைப்பிடித்தவனுக்கே உறுதியான பாலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்து, அதையே தன் குலப்பெருமையாகக் கருதி மயங்குகிறான். கர்ணன் வழியாகவும் கும்பகருணன் வழியாகவும் செஞ்சோற்றுக் கடனைப் பற்றி எண்ணிப் பழகியவர்கள் நாம். உண்ட சோற்றின் நன்றிகூட இல்லாமல் பகைவனுக்கு உழைக்கும் இம்மனிதன் நமக்குப் புதியவன், சிந்திக்கத் தக்கவன். கதைமாந்தர் படைப்பு என்ற அளவில் இப்படத்தைத் தாழ்த்திப் பேச எவராலும் இயலாது. நானும் முயலவில்லை.

ஆனால், இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் மரம் அறுப்பவர் வெள்ளையர். தூண் இறக்குபவர் வெள்ளையர். நோயுற்றுக் கிடப்பவரும் வெள்ளையர். பாலத்தைத் தகர்க்கக் காட்டுவழியே வரும் வீரர்களின் மூட்டைகளைச் சில சயாமியப் பெண்கள் சுமக்கிறார்கள். அவ்வளவே. மலாயாத் தமிழன் இல்லை, மலாய்க்காரர் இல்லை, சாவகத்தார் இல்லை, பர்மியர் இல்லை. சயாம் மரண இரயில் பாதையில் மாண்டவர்களுள் பெரும்பாலோர் யாரோ, அவர்கள் இருந்த சுவடே திரையில் இல்லை.

வரலாறு கூறுவதென்ன? சயாமிய எல்லைக்குட்பட்ட பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இரயில் பாதை அமைத்தனர். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளும் இணைந்து முடிவுற்றது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ, குறைத்துக் கணக்கிடினும் 1,80,000 பேர். அவர்களுள் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகின்றனர். இன்னும் கூடுதலாகச் சொல்வோரும் உளர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் என்பது போருக்குப் பிந்திய கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்தோர் தொகையை 30,000 என்பார் ஒருவர், 40,000 என்பார் மற்றொருவர். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் 10,000 உயிர்களை யார் பெயர் சொல்லி அழைப்பது?

ஒரு வெள்ளைக் கைதிக்கு மூன்று ஆசியத் தொழிலாளர் என்ற விகிதத்துக்குக் குறையாது. படத்திலோ விகிதமே இல்லை.

மாணவர்கள் இதனை எங்கோ நடந்த செய்தியாக எண்ணலாகாது. சிங்கப்பூரிலிருந்து வடக்கே சென்ற இரயில் கெமாஸ், தம்பின், சிரம்பான், நீலாய் வழியாகத்தான் கோலாலம்பூரை அடைந்தது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 7,000 கைதிகளைக் கொண்ட ஓர் அணி இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சயாமுக்கு அனுப்பப்பட்டது. அவ்வண்டிகள் நம் நீலாய் நிலையத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அதே பாதையில்தான் தென் மாநிலத் தோட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட நம்மவரும் போனார்கள். ஆட்கள் மட்டுமா போயினர்? தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே ஓடிய கிளைப்பாதையின் தண்டவாளங்களையும் ஜப்பானியர் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். கிழக்குக்கரைப் பாதையின் இரும்பும் அவ்வாறே போயிற்று. நெகிரி செம்பிலானின் இரும்பும் நெகிரி செம்பிலானின் எலும்பும் ஒரே காட்டில் கிடந்தன என்றால் அது வெறும் அலங்காரச் சொல் அன்று.

எவ்வாறு அழைத்துச் சென்றார்கள் என்பதையும் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்க வேண்டும். முதலில் ஆசை காட்டினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை, குடியிருக்க இடம் என்றார்கள். இரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி கிடைக்காமல், மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த தோட்டங்களில் அவ்வழைப்புக்குச் செவிசாய்த்தவர் உண்டு. போனவரிடமிருந்து கடிதம் வராமற்போகவே எவரும் முன்வரவில்லை. பின்னர் கட்டாயம் வந்தது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்தார்கள்; கிராணியும் தண்டலும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அது போதாமல் லாரியைக் கொண்டுவந்து வழியில் நின்றவரை அள்ளிக்கொண்டு போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கொட்டகையின் கதவை மூடி, உள்ளிருந்த ஆண்களை அப்படியே இரயிலேற்றிய கொடுமையையும் அக்காலத்து வாய்மொழிக் குறிப்புகள் பேசுகின்றன. படம் பார்க்கப் போனவன் சயாமுக்குப் போனான்! அந்தச் சயாமைப் பற்றி உலகம் எடுத்த புகழ்பெற்ற படத்திலோ அவனுக்கு இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "தமர்க்கானில் இருந்த அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் போர்க் கைதிகள்தாமே? படம் அதைத்தானே காட்டுகிறது?" என்பர். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கைதிகள் என்பது மெய். ஆனால் அப்பாதையில் பாலங்கள் 600-க்கும் மேற்பட்டவை. அது அவற்றுள் ஒன்று. அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, முழுப் பாதைக்கும் அதையே முகமாக்கியது படந்தான். இன்று உலகில் எவரிடமேனும் மரண இரயில் என்று சொல்லுங்கள். சீழ்க்கையடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் ஆங்கிலப் படைவீரரே அவர் நினைவுக்கு வருவர். நம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டுப் போட்டியில் அந்தச் சீழ்க்கை மெட்டுக்கு நம் பிள்ளைகள் நடைபயின்றதை நானே கண்டேன். மெட்டு நல்ல மெட்டு. அவர்களுள் எத்தனை பேருடைய கொள்ளுப்பாட்டன் அக்காட்டில் கிடக்கிறானோ, யார் கண்டது?

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது போலத் தோன்றும். "இது கற்பனை, கற்பனையிடம் வரலாறு கேட்பது பேதைமை" என்பர். நம் தமிழாசிரியர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கற்பனைதான், ஐயமில்லை. மெய்யான தமர்க்கான் முகாமில் கைதிகளின் தலைவராயிருந்த பிலிப் டூசி, பகைவனுக்கு விரும்பி உழைத்தவர் அல்லர். உயிர் தப்பிய கைதிகள் பலர் படத்தைக் கண்டு மனம் கொதித்தனர். பாலத்தை வெடிவைத்துத் தகர்த்த வீரர்களும் இல்லை. அது பயன்பாட்டில் இருந்து, 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுக்கு இலக்காயிற்று. இவையெல்லாம் கற்பனைக்குரிய உரிமை என்று விட்டுவிடலாம். ஆனால் கற்பனை செய்த வேலையைப் பாருங்கள். அந்தப் பாலம் உண்மையில் மேக்லோங் ஆற்றின்மீது இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றைத் தேடி வந்த பயணிகளுக்காக, 1960-ஆம் ஆண்டளவில் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டது. ஓர் ஆற்றின் பெயரை மாற்ற வல்ல கற்பனை, 'நான் கற்பனைதானே' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியுமா? அதன் கை நீளமானது. அந்த நீண்ட கைதான் நம்மவரைத் துடைத்தழித்தது.

நாவலை எழுதியவர் பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர். ('மனிதக் குரங்குகளின் கிரகம்' என்று மாணவர்கள் விரும்பிப் பார்க்கும் படங்களுக்கு மூலக்கதை தந்தவரும் இவரே.) பொறியாளரான இவர் 1936-இல் மலாயாவுக்கு வந்து இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். அத்தோட்ட வாழ்க்கையை வைத்து 1951-இல் ஒரு நாவலும் எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்ததுதான் குவாய் நாவல். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படுவதையும், வாளியும் கத்தியுமாகப் பால்மரக் காட்டுக்குள் செல்பவர் இன்னார் என்பதையும் அறியாதவரா இவர்? தோட்டத்துக்குள் இருந்தபோது கண்ணில் பட்டவர்கள், சயாமுக்குப் போனதும் கதைக்கு வேண்டாதவர்களாகிவிட்டார்கள். ஹாலிவுட்டைக் காட்டிலும் இவரிடந்தான் எனக்கு வருத்தம் மிகுதி. ஹாலிவுட்டுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்.

படப்பிடிப்போ இலங்கையில், கித்துள்கலையில், களனி ஆற்றங்கரையில் நடந்தது. படத்துக்கான பாலத்தை இலங்கைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் கூடி, யானைகளையும் துணைக்கொண்டு எழுப்பினர். பொய்ப்பாலத்துக்கு வேர்வை சிந்தியவரும் ஆசியரே. அவர்களும் திரையில் இல்லை.

"வெள்ளைக் கைதிகளின் துன்பத்தைக் குறைத்துப் பேசுகிறீரா?" என்று எவரும் கேட்க வேண்டாம். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல்வெளியிடையே வரிசை வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றையும் வணங்கத்தான் வேண்டும். அவர்களுக்குள்ளும் நம்மவர்பால் இரங்கியவர் இருந்தனர். 1943-இல் கைதிகளிலிருந்தே மருத்துவர்களும் உதவியாளர்களுமாக 300-க்கு மேற்பட்டோர் இரு அணிகளாகச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்டு ஆசியத் தொழிலாளர் முகாம்களில் பணிபுரிந்தனர். வாந்திபேதி பரவிய அந்த மழைக்காலத்தில் அம்முகாம்கள் எப்படி இருந்தன என்பதை அவர்கள் எழுதி வைத்தார்கள். கைதிகளிடம் படையொழுங்கு இருந்தது, மருத்துவர் இருந்தனர், ஆள்கணக்கு இருந்தது, இறந்தவனுக்குச் சிலுவை நட ஆள் இருந்தது. நம்மவரிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. மனைவி மக்களோடு போனவனும் இருந்தான். அண்டை முகாமில் தன் தம்பி இறந்ததை அறியாதவனும் இருந்தான். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லவும் அங்கு அதிகாரி இல்லை. இறப்பு விகிதம் ஏன் அவ்வளவு மிகுந்தது என்பதற்கும், நூல்களில் அவர்கள் ஏன் இல்லை என்பதற்கும் விடை ஒன்றுதான். எழுதும் கை போர்க் கைதிகளிடம் இருந்தது. 2013-இல் வெளிவந்த 'இரயில் மனிதன்' என்னும் படமும் அத்தகைய கைதி ஒருவரின் தன்வரலாற்றிலிருந்து பிறந்ததே. தன்வரலாறு எழுதியவருக்குப் படம் கிடைக்கிறது. எழுதாதவருக்குப் புல்லும் புதரும்.

போர்ப்படம் என்றாலே இப்படித்தான் இருக்கும், கூலியாளைக் காட்ட அதற்குக் கண் இல்லை என்று கருதிவிடலாகாது. ஜப்பானிய இயக்குநர் மசாக்கி கோபயாசி 1959-க்கும் 1961-க்கும் இடையில் மூன்று பாகங்களாக எடுத்த 'மனித நிலை'யைப் பாருங்கள். மஞ்சூரியச் சுரங்கம் ஒன்றில் சீனக் கைதிகளை அடித்து வேலை வாங்கும் முறைக்கு இடையே அகப்பட்ட ஜப்பானிய மேற்பார்வையாளன் ஒருவனே அதன் நாயகன். இரயில் பெட்டிகளிலிருந்து பட்டினியால் உலர்ந்த மனிதர்கள் சரிந்து விழும் காட்சி அதில் உண்டு. தன் நாடு செய்த கொடுமையைத் தன் நாட்டாருக்கே காட்ட ஒரு ஜப்பானியனுக்கு நெஞ்சுரம் இருந்தது. வென்றவர் எடுத்த குவாய்ப் படத்தில் இல்லாத மனச்சான்று, தோற்றவர் எடுத்த படத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த போர்ப்படங்களுள் முதலிடம் இதற்கே.

குவாய்ப் படம் வந்த அதே 1957-இல் உருசியாவில் 'நாரைகள் பறக்கின்றன' வெளிவந்தது. அதில் போர்க்களம் சிறிதே. போனவன் வருவானா என்று காத்திருக்கும் ஒருத்தியின் முகமே படம். சயாமுக்குப் போன கணவனுக்காகத் தாலியைக் கழற்றாமலே முதுமையடைந்த பெண்கள் நம் தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த உருசியப் பெண் அந்நியளாகத் தோன்றியிருக்க மாட்டாள்.

2006-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தை ஆசிரியர்கள் தவறாமல் நினைவில் கொள்ள வேண்டும். இரசீத் புஷாரப் எடுத்த 'உள்நாட்டார்' என்னும் அப்படம், பிரான்சுக்காகப் போரிட்டு மறக்கப்பட்ட வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றியது. முன்னாள் குடியேற்ற நாடுகளின் வீரர்களுக்குப் பிரான்சு தன் வீரர்களுக்குத் தந்ததைவிட மிகக் குறைந்த ஓய்வூதியமே பல்லாண்டுகளாகத் தந்துவந்தது. படம் வெளிவந்த வேளையில் அதிபர் சிராக் அவ்வேறுபாட்டை நீக்க முன்வந்தார். ஒரு திரைப்படம் முதியோர் கைக்குப் பணம் கொண்டுவந்து சேர்த்தது! நமக்கு நேர்ந்ததோ வேறு. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி மதிப்புள்ள நல்லெண்ண உதவியைப் பொருளாகத் தர உடன்பட்டது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. கப்பல் நாட்டுக்கு வேண்டியதே. சயாம் சென்றவனின் விதவை அக்கப்பலை என்ன செய்வாள்? அவளைத் திரையில் காட்ட நமக்கு ஒரு புஷாரப் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளையரை மட்டும் குறை கூறி முடித்துக்கொள்வது எளிது. நம் பங்கும் இதில் இருக்கிறது. கீழைப் போரைத் தமிழ்த்திரை அறியாததன்று. 1952-இல் வந்த 'பராசக்தி'யின் கதையே இரங்கூன் தமிழ்க் குடும்பம் போரினால் சிதறுவதிலிருந்துதான் தொடங்குகிறது. 2013-இல் 'பரதேசி' தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர் துயரைக் காட்டிற்று. 2016-இல் வெளிவந்த 'கபாலி'க்காகத் தமிழகத்துப் படக்குழு மலேசியாவுக்கே வந்து போயிற்று. வந்தவர்களுக்கு நம் தோட்டத்துத் துயரத்தைவிடக் கோலாலம்பூர்க் குண்டர் கூட்டமே கதையாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் கேட்பதைத்தானே கடைக்காரன் அடுக்குவான்? நாம் கேட்கவில்லை. நம் எழுத்தாளர்களோ கடமையைச் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். திரையில் நம்மவர் இல்லையே என்று அரற்றுகிற நாம், ஏட்டில் அவர்களை வைத்திருக்கிறவர்களை எத்தனை பேருக்கு அறிமுகம் செய்தோம்?

இப்படத்தைப் பள்ளிகளில் காட்டலாகாது என்று நான் சொல்லவில்லை. காட்டுங்கள்; ஆனால் காட்டும் முறை வேறாகட்டும். கர்னல் நிக்கல்சன் முடிவுற்ற பாலத்தின்மீது நின்று தன் வாழ்நாளை எண்ணிப் பார்க்கும் காட்சி வரும்போது படத்தை நிறுத்துங்கள். இப்பாதையின் மண்ணை யார் வெட்டினார், எங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள். பின்னர் நம் நாவல்களில் ஒன்றிலிருந்து ஓர் இயலைப் படித்துக் காட்டுங்கள். உயர்நிலை மாணவராயின், இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரையச் செய்யுங்கள். காஞ்சனபுரிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள் பாலத்தின்மீது நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நில்லாமல், அருகே ஜப்பானியரே 1944-இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் காட்டட்டும். இறந்த தொழிலாளர்க்கென அதில் தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொன்றவன் கல்லில் வெட்டிய தமிழ், கதை சொன்னவன் படத்தில் ஒரு சொல்லாகவும் இல்லை. 2023-இல் நம்மவர் முயற்சியால் அங்கே ஒரு நடுகல்லும் எழுந்திருக்கிறது. எண்பது ஆண்டுகள் கழித்து!

நீலாயைச் சுற்றியிருந்த இரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. செம்பனை வந்தது, அதன்பின் 1990-களில் புதுநகரம் வந்தது, கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் வீட்டு வரிசைகளும் வந்தன. லயங்கள் இடிந்தபோது அங்கிருந்த முதியோர் திசைக்கொருவராகப் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டனர். 1943-இல் பதினெட்டு வயதில் சயாமுக்குப் போனவர் இன்று இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். அவரிடம் கேட்கும் காலம் கடந்துவிட்டது. தகப்பன் லாரியில் ஏறியதை வாசலில் நின்று பார்த்த பிள்ளைகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பாஜாமிலும் லாபுவிலும் பாத்தாங் பெனாரிலும் மந்தினிலும் அத்தகையோரைத் தேடிப்பிடித்து, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்ய ஒரு பள்ளி விடுமுறை போதும். அவர்களும் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.